பூனைக்குப் பூச்சி மருந்து

போன ஞாயிற்றுக்கிழமை என் இடது கையில் நீளமாக ஒரு கீறல். கொஞ்சம் ஆழமாகவே இறங்கிவிட்டது. குழாயடியில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, நேராக ஊசி போட்டுக்கொள்ளப் போனேன்.

நர்ஸ் பெண் கையைத் திருப்பிப் பார்த்தாள். "நாயுங்களா?"

"பூனைம்மா."

"வளர்க்குற பூனைங்களா?"

"இல்லை... தெருப் பூனை."

"அது பாட்டுக்குப் போற பூனைய என்னங்க பண்ணுனீங்க?"

"மாத்திரை கொடுத்தேன்."

ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "பூனைக்கு மாத்திரையா? எதுக்குங்க?"

"வயித்துல இருக்கற புழுவுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம புள்ளைகளுக்கே ஸ்கூல்ல குடுத்தாத்தான் உண்டு. நீங்க தெருப் பூனையத் தேடிப் புடிச்சுக் குடுக்கறீங்களாக்கும்!"

எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள். அங்கே நின்று சொல்ல முடிகிற பதில் இல்லை அது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க்கா, இன்னொரு புள்ளைக்கு இப்படி ஆகாம இருந்தாச் சரி" என்றாள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கணபதி என்கிற பகுதியில், எங்கள் தெருவில் வீடுகளும் லேத் பட்டறைகளும் கலந்து கிடக்கும். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு கவிதாவுடையது. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. அவள் கணவர் சிவகுமாருக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே வளர்ந்தவர், இங்கே வந்து இரும்பு கடைகிறார். பம்ப் செட் பாகங்கள், விசைத்தறிக்கான உதிரிகள் என்று எந்நேரமும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். மனிதர் வாயைத் திறக்கவே மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்குத்தான் மகள் தாரணி பிறந்தாள் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் நாலாவதாக ஒரு ஆள், பவுனு. மஞ்சள் நிறப் பெட்டைப் பூனை. ஒரு மழை நாளில் குட்டியாக நனைந்துகொண்டு பட்டறைக்குள் நுழைந்தது. கை துடைக்கிற பஞ்சுக் கழிவு வைத்திருந்த அட்டைப் பெட்டியில் ஏறிப் படுத்தது. அவ்வளவுதான், குடியேறிவிட்டது. காலையில் தாரணி ஸ்கூல் வேனுக்கு நிற்கும்போது பவுனுவும் பக்கத்தில் நிற்கும். வேன் போனதும் திரும்பி வரும்.

பக்கத்துக் காலி மனையில் யாரோ வீடு கட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தியிருந்தார்கள். மணல் குவியல் மட்டும் மாதக்கணக்கில் ரோட்டோரம் கிடந்தது. சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான். மணலில் சோறு பொங்குவார்கள், கேக் வெட்டுவார்கள், கோட்டை கட்டுவார்கள். விடியற்காலையில் தெருப் பூனைகள் எல்லாம் அதில்தான். பள்ளம் பறிக்கும், காரியத்தை முடிக்கும், அழகாக மூடிவிட்டுப் போகும்.

இரண்டையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் தாரணியின் ஸ்கூலில் கண் பரிசோதனை வைத்தார்கள். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒரு கண்ணை அட்டையால் மறைத்து, தூரத்தில் இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். தாரணியின் இடது கண்ணை மறைத்தார்கள். கடகடவென்று படித்தாள். பிறகு வலது கண்ணை மறைத்தார்கள்.

தாரணி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாளாம். அப்புறம் சொன்னாளாம்: "மிஸ்... ரெண்டு கண்ணையும் மூடிட்டீங்க."

ஒரு கண்ணில் பார்வை போயிருப்பது குழந்தைக்கே தெரியாதா? தெரியாதாம். இன்னொரு கண் இரண்டு பேர் வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும். பெரியவர்கள் என்றால் 'என்னமோ மாதிரி இருக்கிறதே' என்று சொல்லுவோம். குழந்தைக்கு உலகம் இப்படித்தான் என்று ஆகிவிடுகிறது. இப்போது யோசித்துப் பார்த்தால் எல்லாம் புரிகிறது என்பாள் கவிதா. சாப்பிடும்போது இடது பக்கம் இருக்கிற டம்ளரைத் தட்டிவிடுவாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் கவிதா திட்டியிருக்கிறாள்—"கண்ணு எங்கடி வெச்சிருக்கற?"

"அந்த ஒரு வார்த்தையத்தானுங்க்கா என்னால மறக்க முடியல" என்றாள் ஒருநாள்.

கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் அம்மா பொறுமையானவர். தாரணியின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கருவிழிக்கு உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிகிறது, கட்டியா என்று முதலில் பார்த்துவிட வேண்டும், ஸ்கேன் எடுக்கணும் என்றார்.

கட்டி. அந்த வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற வார்த்தை எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. ஸ்கேன் முடிகிற வரைக்கும் கவிதா தன் முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். சிவகுமார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். "கட்டி இல்லீங்க. உயிருக்கு ஒண்ணும் பயமில்ல" என்றார் டாக்டர்.

கவிதா கைகூப்பிக்கொண்டு அழுதாள். அது சந்தோஷ அழுகை. டாக்டர் அதை முடிக்கவிட்டார். பிறகுதான், "உட்காருங்கம்மா. இன்னும் கொஞ்சம் சொல்லோணும்" என்றார்.

விஷயம் இதுதான். பூனைக் குடலிலும் நாய்க் குடலிலும் ஒரு உருண்டைப்புழு உண்டு. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது. மண்ணில் வாரக்கணக்கில் கிடந்து முற்றும். அந்த மண்ணில் விளையாடுகிற பிள்ளை கையைக் கழுவாமல் வாயில் வைத்தால் முட்டை உள்ளே போகும், பொரியும். மனித உடம்பு அந்தப் புழுவுக்குச் சொந்த வீடு இல்லை. வழி தெரியாமல் ரத்தத்தோடு சுற்றும் அதன் குஞ்சு. பெரும்பாலும் எங்கேயாவது தானாக அடங்கிவிடும், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. எப்போதாவது, யாருக்காவது, அது கண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

"உள்ள வீங்கி, தழும்பாகி, விழித்திரையை இழுத்திருக்கு. வீக்கத்துக்கு மருந்து குடுக்கறோம். வலது கண்ணு நல்லா இருக்கு, அதுக்கு ஒண்ணும் வராது. ஆனா இடது கண்ணுல போன பார்வை..." டாக்டர் கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "திரும்பாதுங்கம்மா."

கவிதா தாரணியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுல பூனை, நாய் ஏதாவது இருக்குதுங்களா?"

கவிதா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். தாரணிதான் சொன்னாள். பெருமையாகவே சொன்னாள். "பவுனு இருக்குதுங்க டாக்டர்!"

மறுநாள் பவுனு இல்லை.

சிவகுமாருக்கு அன்றைக்குத் தூரத்தில் இருக்கிற கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டரில் முன்னால் சாமான். பின்னால் ஒரு சாக்கு. சாக்குக்குள் பவுனு. சந்தைப் பக்கம் எங்கேயோ அவிழ்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

தாரணியிடம், "எங்கியோ ஓடிப்போயிருச்சு அம்மணி" என்றார். அவள் தட்டில் பால் ஊற்றிக்கொண்டு தெரு முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். எங்கள் வீட்டு மாடிக்கும் வந்து தேடினாள். "ஆன்ட்டி, பவுனு இங்க வந்துச்சுங்களா?" எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நானும் சேர்ந்து தேடினேன்.

கவிதாவுக்குச் சாயங்காலமே தெரிந்துவிட்டது. அவள் கணவரோடு சண்டை போடவில்லை. "அவரு முந்திக்கிட்டாருங்க்கா, அவ்ளோதான். இல்லீன்னா நானே கொண்டு போய் உட்டிருப்பேன். அன்னைக்கு எனக்கு அதப் பார்க்கவே புடிக்கல" என்றாள் பின்னால். அவளை யார் குறை சொல்ல முடியும்?

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்த தாரணி டாக்டரிடம் தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"டாக்டர், பவுனு வயித்துலயும் புழு இருந்துச்சுங்களா?"

"இருந்திருக்கலாம் கண்ணு."

"அதுக்கு வலிச்சிருக்குமா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "நிறைய இருந்தா வலிக்கும். வயிறு உப்பும். வாந்தி எடுக்கும்."

"அதுக்கு மருந்தே இல்லீங்களா?"

"இருக்கே! மாத்திரைதான். எங்க ஊட்டுப் பூனைக்கு நானே குடுக்கறேன்."

கவிதா தலையை நிமிர்த்தினாள். "நீங்க... பூனை வளர்க்கறீங்களாங்க?"

"வளர்க்கறேன்மா. குட்டியில இருந்தே மருந்து குடுக்கறோம். பெருசானப்புறமும் மூணு மாசத்துக்கு ஒருக்கா. அது போற எடத்தத் தெனமும் சுத்தம் பண்றோம், கையக் கழுவறோம். இதுல பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. தெரியாம இருக்கறதுதான் பயம்."

சிவகுமார் அன்றைக்குத்தான் அந்த அறையில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "டாக்டர்... எங்க பூனையாலதான் வந்துதுன்னு உறுதியாச் சொல்ல முடியுங்களா?"

"முடியாதுங்க. எந்தத் தெருப் பூனையோ, எந்த நாய்க்குட்டியோ... யாருக்குத் தெரியும்? பூனையக் கொஞ்சறதால வர்றது ரொம்ப அபூர்வம். மண்ணுலதான் பிரச்சனை. அந்த மணலை மூடி வெக்கச் சொல்லுங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பும்போது என் காரில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது கதவைச் சரியாகச் சாத்தக்கூட இல்லை. எப்போதும் அப்படிச் செய்கிறவர் அல்ல.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் பயம். எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த மணலில் புரண்டவைதானே? முதல் காரியமாக மணலைத் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல்லை வைத்தோம். பிள்ளைகளை டாக்டரிடம் காட்டினோம். நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை.

அடுத்தது பூனைகள். தெருச் சங்கத் தலைவர் வீட்டு கார் ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பிஸ்கட். கவிதாவும் சிவகுமாரும் கடைசி வரிசையில்.

"நாய்னா கார்ப்பரேஷன்ல சொல்லலாம். பூனைக்கு யாரு வருவாங்க? நாமளேதான் ஏதாவது பண்ணோணும்" என்றார் தலைவர்.

"சாக்குல புடிச்சுக் கொண்டு போய் உட்டுப்போடலாங்க" என்றார் ஒருவர். சிவகுமார் தரையைப் பார்த்தார்.

அப்போது கவிதா எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவள். குரல் நடுங்கியது. "நான் ஒண்ணு சொல்றனுங்க... பூனைகளுக்கு நானே பூச்சி மருந்து வெச்சர்றேன்."

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பிறகு மளிகைக் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "அதுதானுங்க சரி. நானும் அதையேதான் நெனச்சேன், சொல்றதுக்குச் சங்கடமா இருந்துது. மீன்ல தடவி நாலு மூலைக்கு வெச்சுப்போட்டாத் தீந்துது."

ஒன்றிரண்டு தலைகள் ஆடின. ஒரு அம்மா, "பாவம், பெத்த வயிறு... வேற என்ன பண்ணும்" என்று முணுமுணுத்தாள்.

கவிதாவுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நம் பேச்சில் பயிருக்கு அடிக்கிற விஷத்துக்கும் பெயர் பூச்சி மருந்து. பிள்ளை வயிற்றைக் காப்பாற்றக் கொடுக்கிற மாத்திரைக்கும் பெயர் பூச்சி மருந்துதான். அவள் ஒன்றைச் சொன்னாள், தெருவே இன்னொன்றைக் கேட்டது. கேட்டு, சரி என்றும் சொல்லிவிட்டது.

புரிந்ததும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். நடுக்கம் நின்றுவிட்டது.

"அய்யோ, அதில்லீங்க. சாகறதுக்கு இல்லீங்க. பொழைக்கறதுக்கு. வயித்துல இருக்கற புழுவுக்கு மருந்து."

"ஏனுங்கம்மா..." மளிகைக் கடைக்காரர் நம்பமுடியாமல் கேட்டார். "உங்க புள்ள கண்ணத் தின்ன பூனைக்கு நீங்களே மருந்து குடுக்கறீங்களா?"

"கண்ணத் தின்னது பூனை இல்லீங்ண்ணா. புழு. புழுவத்தான கொல்லோணும்? இருக்கற பூனைகளத் தொலச்சுப்போட்டா அடுத்த தெருவுல இருந்து வேற பூனை வருமுங்க. அது வயித்துலயும் புழு இருக்கும். எத்தனையக் கொல்லுவீங்க? இதுகளுக்கு மருந்து குடுத்து இங்கியே வெச்சிருந்தா, அது நம்ம புள்ளைகளுக்கும் காவல்தானுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றார். மனமில்லாத சம்மதம்தான். ஆனால் பிள்ளையின் கண்ணை இழந்தவள் சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

கவிதாவும் நானும் கால்நடை மருத்துவரிடம் போனோம். இளைஞர். வெளியே வரிசையில் நாய்கள், ஒரு ஆடு, கூண்டில் ஒரு கிளி. "எத்தன பூனைங்க?" என்றார். எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை. சிரித்துவிட்டு, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

உருண்டைப்புழுவுக்கு ஒரு மருந்து, நாடாப்புழுவுக்கு ஒரு மருந்து. இரண்டும் சேர்ந்த மாத்திரையாகவே வருகிறது. எடைக்குத் தகுந்த அளவு. நாய் மாத்திரையை உத்தேசமாக உடைத்துக் கொடுக்கக் கூடாது. முக்கியமாக ஒன்று சொன்னார்: "ஸ்கூல்ல புள்ளைகளுக்குக் குடுத்தது மிச்சம் இருக்குதுன்னு அதைக் குடுத்துராதீங்க. பூனைக்கு அது ஒத்துக்காது. ரத்தத்தையே கெடுத்துரும்." குட்டிகளுக்குச் சிரப். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் புழு போய்விடுமாம், அதனால் தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிடிக்கவே முடியாத பூனைக்குக் கழுத்துக்குப் பின்னால், அது நக்க முடியாத இடத்தில், சொட்டாக விடுகிற மருந்தும் இருக்கிறது.

"ஒரு தடவ குடுத்தா முடிஞ்சுதுங்களா?" என்றாள் கவிதா.

"இல்லீங்க. குடல்ல இருக்கறதுதான் வெளிய வரும். சதைக்குள்ள தூங்கிட்டு இருக்கற குஞ்சுகள மாத்திரை ஒண்ணும் பண்ணாது. அது முழிச்சு வரும். மறுபடி குடுக்கோணும். மறுபடி வரும், மறுபடி குடுக்கோணும். இது முடியற வேலை இல்லீங்க."

"பரவால்லீங்க" என்றாள் கவிதா. "புள்ளைக்கும் தெனமும் சொட்டு மருந்து உட்டுட்டுத்தான இருக்கறேன்."

இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. மத்தி மீன் வாங்கி, முள் எடுத்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, உள்ளே மாத்திரைத் துண்டை ஒளித்துவைப்போம். ஒவ்வொரு பூனைக்கும் தனித்தனியாக. கூட்டமாக வைத்தால் தடியன் ஒருத்தனே எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போய்விடுவான் என்று கால்நடை டாக்டர் எச்சரித்திருந்தார். மீனை நம்பிச் சாப்பிடுகிற பூனைகள் உண்டு. மீனைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் தரையில் துப்புகிற பூனைகளும் உண்டு. கசப்பு நாக்கில் பட்டால் வாயில் நுரை தள்ளும், முதல் தடவை பார்த்து நான் பயந்தே போய்விட்டேன். அப்படிப்பட்டவர்களைப் பழைய துண்டால் சுற்றி, வாயைத் திறந்து, நாக்கின் அடிவாரத்தில் மாத்திரையை வைத்து, தொண்டையைத் தடவிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் எனக்கு அதுதான் முதலில் வரும். கணபதித் தெருப் பூனைகளுக்கு இப்போது கொஞ்சம் தெலுங்கு தெரியும்.

மணலுக்குப் பதிலாகப் பூனைகள் போவதற்கென்று காலி மனையின் மூலையில் மரத்தூள் தொட்டி வைத்தோம். கவிதா கையுறை போட்டுக்கொண்டு தினமும் அள்ளிச் சுத்தம் செய்வாள். முதல் தடவை மருந்து கொடுத்த மறுநாள் அந்தத் தொட்டியில் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. வெள்ளையாக, சுருள் சுருளாக... போதும். கவிதா மட்டும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுதானுங்களாக்கா?" என்றாள்.

"இதுதான் போல, கவிதா."

கீழே போட்டு மிதிக்கவில்லை, திட்டவில்லை. பையில் கட்டி, குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்லிவிட ஆசைதான். இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒரு குட்டி, உடம்பெல்லாம் எலும்பு, வயிறு மட்டும் பானை. டாக்டரிடம் எடுத்துக்கொண்டு ஓடினோம். மருந்து கொடுத்தார், குளுக்கோஸ் ஏற்றினார். "முன்னாடியே கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, கவிதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குட்டி பிழைக்கவில்லை. மற்ற குட்டிகள் பிழைத்துக்கொண்டன. செத்ததைக் காலி மனையில் புதைத்தோம். தாரணி கேட்டதற்குக் கவிதா மறைக்காமல் சொன்னாள். "மருந்து லேட்டாப் போச்சு சாமி." தாரணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இவ்வளவு நாளும் சிவகுமார் இந்த வேலையில் கலந்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பட்டறைக்குள் போய் மிஷினைத் துடைப்பார். கோபம் என்று நினைத்தேன்.

ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க்கா... உங்க போன்ல பவுனு போட்டோ இருக்குதுங்ளா?"

இருந்தது. தாரணி மடியில் பவுனு படுத்திருக்கிற படம். எதற்கு என்றேன்.

"கருமத்தம்பட்டி போறப்பெல்லாம் தேடறனுங்க. உட்ட எடத்துல இல்ல. சந்தைக்குள்ள கேட்டேன். தறிக் கூடமெல்லாம் கேட்டேன். மஞ்சப் பூனைன்னா எந்த மஞ்சப் பூனைங்கறாங்க. போட்டோ இருந்தாக் காட்டலாமுன்னு..."

எத்தனை நாளாகத் தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை. படத்தை அனுப்பினேன்.

பவுனு கிடைக்கவில்லை. விசைத்தறிச் சத்தத்தில் ஒவ்வொருவர் காதருகேயும் போய்க் கத்திக் கத்திக் கேட்டிருக்கிறார். போன் படத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். ஒரு தறிக்கூடத்து அம்மா, "அது இங்க வரலீங்க. எங்களுது வேணாப் பாருங்க" என்று நூல் மூட்டைக்குப் பின்னால் இருந்த தாயையும் குட்டிகளையும் காட்டினாராம். எலி நூலைக் கடிக்காமல் இருக்க அங்கே பூனை வைத்திருப்பார்கள். குட்டிகளின் வயிறு பானை மாதிரி இருந்ததாம். பக்கத்திலேயே அந்த அம்மாவின் பேரன் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தானாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கவிதாவிடம், "அந்தப் பூனை டாக்டரோட நம்பரக் குடு. கருமத்தம்பட்டியில ஒரு ஊட்டுக்கு வேணும்" என்றாராம். அடுத்த தடவை சாமான் கொண்டுபோனபோது தாயையும் குட்டிகளையும் அவர் கைகாட்டிய அங்கத்திய கால்நடை டாக்டரிடம் காட்ட வைத்துவிட்டுத்தான் திரும்பினார். தவழ்கிற குழந்தை இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஏன் இவ்வளவு அக்கறை என்று அவர்களுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

ஆனால் மகளிடம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் கவிதாவும் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது வந்து தாரணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது அவளுடைய இடது பக்கம். அவளுக்குத் தெரியவில்லை. குரல் கேட்டுத்தான் முகத்தை முழுசாகத் திருப்பினாள்.

"அம்மணி... பவுனு தானா ஓடிப்போகல. அப்பாதான் கொண்டு போய் உட்டுப்போட்டேன்."

கவிதா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்கீங்ப்பா?"

"கருமத்தம்பட்டில. இப்பத் தேடிப் பார்த்தேன் சாமி. கிடைக்கல."

தாரணி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அங்க மீன் கிடைக்குங்ளாப்பா?"

"கிடைக்கும். சந்தை இருக்குது."

அவ்வளவுதான் கேட்டாள். ஆனால் அதற்குப் பிறகு பல நாள் அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை. சிவகுமார் சமாதானம் செய்ய முயலவில்லை. பொம்மை வாங்கித் தரவில்லை, புதுப் பூனை கொண்டுவரவில்லை. ஸ்கூல் வேன் வருகிறவரைக்கும் தினமும் அவளுடைய இடது பக்கத்தில் போய் நின்றார். ரோட்டில் வண்டி வருகிற பக்கம் அது.

இப்போது தாரணி கண்ணாடி போட்டிருக்கிறாள். பவருக்கு இல்லை. இருக்கிற ஒரு கண்ணில் அடிபட்டுவிடாமல் இருக்க உடையாத கண்ணாடி. நல்லாப் படிக்கிறாள். இன்னும் டம்ளரைத் தட்டிவிடுகிறாள், யாரும் திட்டுவதில்லை. எங்கள் தெருவில் பூனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் முறைப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீன் உருண்டை கிடைக்கிறது. மளிகைக் கடைக்காரர் தன் கடைக்குப் பின்னால் வருகிற கறுப்பன் பூனைக்கு மாத்திரை நேரம் வந்தால் அவராகவே நினைவுபடுத்துகிறார்.

போன மாதம் புதிதாக வந்த ஒரு பூனை, பிடி கொடுக்கவே இல்லை. கவிதாவால் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. தாரணி பழைய துண்டை எடுத்தாள். பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நீட்டினாள்.

"நீங்க புடிங்ப்பா. இறுக்கிப் புடிக்கோணும். ஆனா வலிக்காமப் புடிக்கோணும்."

சிவகுமார் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, அப்படியே பிடித்தார்.

நர்ஸ் பெண்ணே, நீ கேட்டதற்கு இதுதான் பதில். இதைப் படிக்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு கேள்வி: உங்கள் வீட்டுப் பூனைக்குக் கடைசியாக எப்போது மாத்திரை கொடுத்தீர்கள்? யோசித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றால்... யோசிக்காதீர்கள், கிளம்புங்கள்.